விடாய் எண்டு ஒரு கடைப் பெயர்

மோனை, கோவத்தோட எழுதக் குந்தினவன் சுகம் விசாரிச்சுத் தொடங்கினால் அது பம்மாத்து. அதால நேர விசயத்துக்கே வாறன். வாற சனிக்கிழமை உன்ர கடைத் திறப்புவிழாவில, அந்தப் பெரிய கண்ணாடி யன்னலுக்குள்ள, வேட்டி சால்வையோட, ஒரு தேயிலைப் பெட்டிக்கு மேல நான் இருக்கவேணும் எண்டு கேட்டனி. ஒரு மணித்தியாலம்தான், கையில தேத்தண்ணிக் கோப்பையை வைச்சுக்கொண்டு றோட்டில போற சனத்தைப் பாத்துச் சிரிச்சாக் காணும் எண்டனி. நான் இருக்க மாட்டன். ஏன் எண்டு ரெலிபோனில சொல்ல வெளிக்கிட்டால் பாதியில வெட்டிப்போட்டு 'அப்பா, எனக்கு இப்ப ஒரு டெர்மின் இருக்கு, ஆள் வந்திட்டுது' எண்டுவாய். எழுத்தை வெட்ட ஏலாது. உனக்கு ஒரு பிரதி தபாலில வரும். மற்றப் பிரதியை எங்கட தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் குடுக்கப்போறன். வீட்டுக் கதையை ஏன் நாலு பேருக்குச் சொல்லுறியள் எண்டு கேக்காதை. எங்கட வீட்டுக் கதையை இன்ஸ்டகிராமில ஏத்தி உலகத்துக்கே சொன்னவன் நீதான். நான் உன்ர பெயரையும் எழுதேல்லை, தெருவின்ர பெயரையும் எழுதேல்லை. அறிஞ்ச ஆக்கள் அறிவினம்.

மலரை வாசிக்கிறவைக்கும் விளங்கவேணும் எண்டதால கொஞ்சம் பின்னால போறன். நான் கொலோனில ரயில் பாலத்துக்குக் கீழ, உடுப்புத் தோய்க்கிற கடைக்குப் பக்கத்தில, ஒரு ஏசியா ஷொப் வைச்சிருந்தனான். அரிசி மூட்டை, ஐசில கிடக்கிற மீன், முருங்கைக்காய், மிளகாய்த்தூள், கருவாடு, ரெலிபோன் காட். எங்கட சனம் வரும், ஆபிரிக்கச் சனம் வரும், வியட்நாம்காரர் வருவினம், இடைக்கிடை சமையல் புத்தகத்தைக் கையில பிடிச்சுக்கொண்டு ஜேர்மன்காரரும் வருவினம். முழங்கால் தேய்ஞ்சு மூட்டை தூக்க ஏலாமல் போகக் கடையை உன்னட்டைத் தந்தன். நீ வியாபாரம் படிச்ச பிள்ளை. பாலத்துக்குக் கீழ கிடந்தால் சரிவராது, பழைய நகரத்துக்குள்ள போகவேணும், ஒரு 'கொன்செப்ட்' வேணும் எண்டனி. ஓம் எண்டன். எனக்கு அதில ஒரு மனவருத்தமும் இருக்கேல்லை. கருவாட்டு மணம் அடிக்குது எண்டு பள்ளிக்கூட ஜக்கெற்றைக் கழட்டி எறிஞ்ச பிள்ளை, அதே வியாபாரத்தைத் தானா வந்து கையில எடுக்கிறான் எண்டு கொம்மா சந்தோசத்தில அழுதவ.

முதல் அரியண்டம் உன்ர இணையப் பக்கத்தில தொடங்கினது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிச்சன். 'ஏழு தலைமுறையாகச் சிலோனில் வாசனைச் சரக்கு வியாபாரம் செய்த குடும்பம்' எண்டு கிடக்குது. ஆரடா அந்தக் குடும்பம்? உன்ர அப்பப்பா பஸ் கொண்டக்டர். அவர் வாழ்நாளில வித்த ஒரே சாமான் ரிக்கெற். அவற்ற தகப்பன் சுருட்டுச் சுத்தினவர். அதுக்கு அங்கால எங்களுக்கே தெரியாது, உனக்கு எப்பிடி ஏழு தலைமுறை தெரிஞ்சது? அதுக்குக் கீழ 'எங்கள் குடும்பத் தோட்டத்துக் கறுவா' எண்டு ஒரு படம். யாழ்ப்பாணத்து மண்ணில ஆர் கறுவா நட்டது? எங்களுக்கும் கறுவா தெற்கில இருந்து வந்து, கடையில கடுதாசிச் சரை சுத்தித் தந்ததுதான். பிழையைத் திருத்து எண்டு சொன்னதுக்கு, 'அப்பா, இது பொய் இல்லை, ஷ்டோரிடெல்லிங்' எண்டனி. நாங்கள் அதுக்குப் புளுகு எண்டு சொல்லுவம். ஊரில புளுகிறவனுக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

பேந்து வேட்டிக் கதை வந்தது. கலியாண வீட்டுக்குக் கட்டுறதுதானே, கட்டுவம் எண்டு அரைமனசோட நிண்டன். அடுத்த நாள் ரெலிபோன் எடுத்து, நெத்தியிலயும் ஏதாவது இருந்தால் நல்லாயிருக்கும், திருநீறோ ஒரு சிவப்புப் பொட்டோ, பாக்கிற சனத்துக்கு 'ஒதென்ரிஷ்'ஆ, அசல் ஊர் ஆள் மாதிரித் தெரியும் எண்டனி. ரெலிபோனைக் கையில பிடிச்சபடி கொம்மாவைப் பாத்தன். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவச் சனம். உனக்கு ஞானஸ்நானம் குடுக்கேக்கை தலையில ஊத்தின தண்ணிக்கு நீ போட்ட சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. அந்தத் தலைதான் இப்ப எனக்குப் பொட்டு வைக்க யோசிக்குது. சைவக்காரருக்கு அது சாமி காரியம். அவையின்ர சாமியை எடுத்து என்ர நெத்தியில ஒட்டி, உன்ர தேயிலையை விக்கிறதுக்கு உனக்கு ஆர் உரிமை தந்தது? இவ்வளவும் அண்டைக்குச் சொல்ல வாய் வந்தது. சனிக்கிழமை கிட்ட வருகுது, பெடியன் நித்திரை இல்லாமல் ஓடித்திரியிறான் எண்டு கொம்மா கண்ணைக் காட்டினதால விட்டிட்டன்.

இனிக் கட்டிடத்துக்கு வாறன். நீ எடுத்தது ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய வியாபாரியின்ர வீடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில அந்த ஆள் கீழ கடையும் மேல குடும்பமுமா இருந்தவராம். நிலவறையைத் துப்பரவாக்கேக்கை ஒரு எனாமல் பலகை அகப்பட்டது. மேல 'கொலோனியால்வாரன்' எண்டு எழுத்து. காலனி நாடுகளில இருந்து கப்பலில வந்த சீனி, கோப்பி, தேயிலை, கறுவா விக்கிற கடையளுக்கு இஞ்ச அந்தக் காலத்துப் பெயர் அது. நடுவில வாயெல்லாம் பல்லாச் சிரிக்கிற ஒரு கறுத்த மனிசன், கையில தேத்தண்ணிக் கோப்பை. கீழ பெரிய எழுத்தில Widai. அது அந்த வியாபாரி தன்ர தேயிலைக்கு வைச்ச பெயர். நீ அதைத் தேய்ச்சுக் கழுவி, இதுதான் கடைக்குப் பெயர் எண்டு முடிவு கட்டினாய். இஞ்சத்த ஆக்கள் முதல் எழுத்தை இழுத்து 'வீடாய்' எண்டினம், நீயும் அப்பிடித்தான் சொன்னனி. வீடு மாதிரி இருக்கட்டும் எண்டோ பெடியன் பெயர் வைச்சவன் எண்டு கொம்மா கேட்டுச் சந்தோசப்பட்டவ. சொந்தக்காரச் சனத்துக்கு எல்லாம் ரெலிபோன் எடுத்துச் சொன்னவ. எனக்கும் ஒண்டும் ஓடேல்லை. ஏதோ ஜேர்மன் பெயர் எண்டு விட்டிட்டன்.

அந்த வியாபாரி வயசுபோன காலத்தில தன்ர பிள்ளைகளுக்கு எண்டு தன்ர வியாபார நினைவுகளை எழுதி வைச்சிருக்கிறார். உள்ளூர்ச் சரித்திரத்தில விருப்பமுள்ள ஆக்கள் அதைத் திருப்பி அச்சடிச்சிருக்கினம். நீதான் அந்தப் புத்தகத்தை எனக்குத் தந்தனி. யன்னலுக்கு வாற சனத்துக்கு அந்தக் காலத்து நகரத்தைப் பற்றி ரெண்டு கதை சொல்ல வசதியா இருக்கும், வாசியுங்கோ அப்பா எண்டனி. நீ கட்டிடத்தைப் பற்றின பகுதியை மட்டும் பாத்தனி, மிச்சத்துக்கு நேரம் கிடைக்கேல்லை எண்டு நீயே சொன்னனி. எனக்கு நேரம் கிடந்தது. நான் ஜேர்மனை வாய்விட்டு வாசிச்சால்தான் விளங்கும், வகுப்பில அப்பிடித்தான் படிச்சது. குசினி மேசையில குந்தி, கொம்மா சமைக்கச் சமைக்க, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாச் சத்தம்போட்டு வாசிச்சன்.

வாசிக்க வாசிக்க ஓங்காளம் வந்தது, மோனை. நீ சுவரில 'நாணயமான வியாபாரியின் வீடு' எண்டு வடிவா எழுதுவிச்சிருக்கிறாய் எல்லோ, அந்த நாணயத்தைக் கேள். கறுவாத் தூளுக்குச் செங்கட்டித் தூள் கலந்திருக்கிறார். நிறம் எடுக்குமாம். கோப்பிக்கு வறுத்த ஓக் கொட்டை. எலி நக்கின சீனிக் கட்டியைச் சுரண்டிப்போட்டு வெதுப்பகத்துக்கு வித்திருக்கிறார், அடுப்பில வேகிற சாமான்தானே எண்டு எழுதியிருக்கிறார். கிடங்கு கூட்டேக்கை வாற கோப்பிக்கொட்டையைப் புழுதியோடயும் தலைமயிரோடயும் அள்ளி, ஒருக்கா அலசி, ஆற்றுக்கு அங்கால இருக்கிற ஏழைச் சனத்துக்குக் 'குடும்பக் கோப்பி' எண்டு பெயர் போட்டுக் குடுத்திருக்கிறார். மீன் ஊறின உப்புத்தண்ணியைத் தெருவிலயே ஊத்திறது, வெய்யில் நாளில சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினதாம், அதையும் பகிடியாச் சொல்லுறார். வியாபாரம் முறிஞ்சுபோன போட்டிக்காரன் செத்த அண்டைக்குப் பூவளையம் அனுப்பிப்போட்டு, பின்னேரமே அவன்ர பெண்சாதியிட்டைப் போய்ச் சாமானை அரைவிலைக்குக் கேட்டிருக்கிறார். இவ்வளவையும் ஒளிச்சு மறைச்சு எழுதேல்லை. பிள்ளைகளே, வியாபாரம் எண்டால் இதுதான், படிச்சுக்கொள்ளுங்கோ எண்டு நெஞ்சை நிமித்தி எழுதியிருக்கிறார். கறி கொதிக்கிற குசினியில இதை வாசிக்க வேண்டாம், சத்தி வருகுது எண்டு கொம்மா பேசினவ.

ஆனாலும் நான் புத்தகத்தை மூடேல்லை. உண்மையைச் சொன்னால், அருவருப்போட சேத்து ஒரு சுவாரசியமும் இருந்தது. ஆற்றில வாற பாரவள்ளங்கள், பீப்பாய் உருட்டிற சத்தம், வரிக்காரனைப் பேய்க்காட்டிறது, கூட்டாளி எண்டு வந்தவன் கவிழ்க்கிறது எல்லாம் வாசிக்க, ஆள் ஒரு பக்கா யாவாரி எண்டு விளங்கினது. நான் என்ன புனிதனோ? வண்டு விழுந்த பருப்பை அரிச்சுப்போட்டுத் திருப்பிப் பையில போட்ட ஆக்களை எனக்கும் தெரியும். சாமானில செய்யிற சுத்துமாத்து எந்த நாட்டிலயும் எந்தக் காலத்திலயும் இருக்குது. பிடிபட்டால் தண்டம் கட்டுவினம், திருந்துவினம், இல்லாட்டித் திரும்பவும் செய்வினம். இதோட முடிஞ்சிருந்தால் சனிக்கிழமை நான் முணுமுணுத்துக்கொண்டாவது வந்து குந்தியிருப்பன்.

பேந்துதான் அந்த யன்னல் வந்தது. அந்தத் தெருவிலயே முதல் முதலா ஒரே பெரிய கண்ணாடியா யன்னல் போட்டவர் தான்தானாம். அந்த நேரத்தில மிருகக்காட்சிச் சாலையில சிலோன் ஆக்களைக் காட்டிக்கொண்டு ஒரு கூட்டம் நிண்டிருக்கு. ஓம், மிருகக்காட்சிச் சாலையிலதான். யானையைப் பாக்கக் காசு குடுக்கிற மாதிரிக் குடுத்துப்போட்டு, மனிசர் சோறு சமைக்கிறதையும் பிள்ளைக்குப் பால் குடுக்கிறதையும் சனம் போய்ப் பாத்திருக்கு. அந்தக் கூட்டத்தை நடத்தினவன் எங்கட வியாபாரிக்கு பியர் குடிக்கிற இடத்துச் சிநேகிதன். ஒரு நாளைக்கு ஒரு ஆளைத் தா எண்டு கேட்டு, காலமை கூட்டிக்கொண்டு வந்து, மேல்சட்டை இல்லாமல் ஒரு வேட்டித் துண்டோட, யன்னலுக்குள்ள தேயிலைப் பெட்டிக்கு மேல இருத்தியிருக்கிறார். சுத்திவரக் கடுதாசியில வெட்டின தென்னோலை, முன்னால கறுவாக் குவியல். யன்னல் நல்லா வெளிச்சமாத் தெரியவேணும் எண்டு தலைக்கு மேல காஸ் விளக்குகள் எரிஞ்சிருக்கு. கையில ஒரு கோப்பை. தேத்தண்ணி ஊத்தினால் சிந்திச் சாமான் பழுதாப்போகும் எண்டு வெறுங்கோப்பை.

கொஞ்ச நேரத்தில அந்த மனிசன் ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். கோப்பையைத் தூக்கிக் காட்டிக் காட்டித் திரும்பத் திரும்ப அதையே சொல்லியிருக்கிறார். றோட்டில நிண்ட சனத்துக்கு அது பெரிய பகிடி. தேயிலை நல்லாயிருக்குது எண்டு தன்ர பாசையில சொல்லுறான் எண்டு வியாபாரி நினைச்சிருக்கிறார். மத்தியானத்துக்கிடையில தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்தச் சொல்லைக் கத்தித் திரிஞ்சதாம், தான் அண்டைக்கே அதைத் தன்ர தேயிலைக்குப் பெயரா வைக்க முடிவு செய்ததாம். பின்னேரம் அந்த ஆள் சோர்ந்து சரிஞ்சுபோனதால, இனிப் பிரயோசனம் இல்லை எண்டு நிலக்கரி வண்டிலில ஏத்தித் திருப்பி அனுப்பிவிட்டினமாம். அதுக்குப் பிறகு அவருக்கு என்ன நடந்தது எண்டு புத்தகத்தில ஒரு சொல் இல்லை. அவற்ற பெயரும் இல்லை. அந்த வண்டில் குதிரையின்ர பெயர் இருக்குது.

நான் இதை வாசிக்கேக்கை கொம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லீக்ஸ் வெட்டிக்கொண்டு நிண்டவ. இவ்வளவு நேரமும் அவ கேட்டவவோ தெரியாது, எப்பவும் போல ரேடியோ மாதிரி என்னை ஓடவிட்டிட்டுத் தன்ர வேலையைப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பா. அந்தச் சொல்லை அவர் எப்பிடிச் சொன்னவர் எண்டு வியாபாரி விளக்கமாவே எழுதியிருக்கிறார். முதல் பாதியைக் குறுக்கி, ரெண்டாம் பாதியை இழுத்து, தூரத்தில நிக்கிற ஆளைக் கூப்பிடுற மாதிரி. நானும் அவர் எழுதினபடியே சொல்லிப் பாத்தன். ஒருக்கா சொன்னன், சரியா வரேல்லை எண்டு திரும்பவும் சொன்னன். கொம்மா கத்தியை வைச்சா. ஒரு கிளாஸ் எடுத்தா. குழாயைத் திறந்து தண்ணி பிடிச்சு, எனக்கு முன்னால கொண்டுவந்து வைச்சா. 'இவ்வளவு நேரமாக் கத்தி வாசிச்சால் விடாய்க்காமல் என்ன செய்யும், குடியுங்கோ' எண்டுபோட்டுத் திரும்பிப் போய் லீக்ஸை வெட்டினா.

நான் தண்ணியைப் பாத்தன், புத்தகத்தைப் பாத்தன். விடாய். தண்ணி விடாய். தாகம் எண்டு புத்தகத்தில எழுதுவம், வீட்டில விடாய் எண்டுதான் சொல்லுவம். நீ விளையாடிப்போட்டு வந்து, சப்பாத்துக் கழட்டமுதல் 'அம்மா விடாய்க்குது' எண்டு கத்தின சொல். அந்த மனிசன் எங்கட ஆள். எந்த ஊரோ, என்ன பெயரோ, ஆர் பெத்த பிள்ளையோ, கப்பலேத்திக் கொண்டுவந்து கண்ணாடிக்குள்ள இருத்தி, தலைக்கு மேல நெருப்பை எரிச்சு, கையில வெறுங்கோப்பையைக் குடுத்திருக்கிறாங்கள். தண்ணி கேட்டிருக்கிறார். காலமை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் தண்ணி கேட்டிருக்கிறார். சனம் கைதட்டியிருக்கு. கொம்மாவைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னன். அவ ஈரக்கையோட கதிரையில இருந்திட்டா. பேந்து, 'பெரிய வெள்ளிக்கிழமை முழங்காலில நிண்டு கேக்கிற சொல்லல்லோ இது, சிலுவையில தொங்கேக்கை ஆண்டவர் சொன்ன சொல், இதை ஆரும் கடைக்குப் பெயரா வைப்பினமோ' எண்டா. அவவுக்கு அப்பவும் உன்னில நம்பிக்கை இருந்தது. பெடியனுக்குத் தெரியாது, உடன எடுத்துச் சொல்லுங்கோ, பாவம், கேட்டால் துடிச்சுப்போவான் எண்டவ.

எடுத்துச் சொன்னன். முதல்ல இருந்து கடைசி வரைக்கும், சொல்லின்ர அர்த்தத்தோட சொன்னன். நீ வெட்டேல்லை, டெர்மின் எண்டு சொல்லேல்லை, கேட்டுக்கொண்டு இருந்தனி. அழுறானோ எண்டுகூட நினைச்சன். பேந்து வந்தது உன்ர குரல். 'அப்பா, இது சுப்பர் கதை' எண்டனி. 'இதை நாங்கள் பெட்டியில அச்சடிக்கலாம். நீங்கள் இப்ப அந்த யன்னலில இருக்கிறதுக்கு இன்னும் பெரிய அர்த்தம் வந்திட்டுது.' நான் ரெலிபோனை மேசையில கவுத்து வைச்சிட்டன். நீ அங்கால கதைச்சுக்கொண்டே இருந்தனி, நினைவுகூரல், இரண்டு காலத்துக்கும் பாலம், பத்திரிகைக்காரர் வருவினம் எண்டு என்னென்னவோ கேட்டது. கொம்மா என்ர முகத்தைப் பாத்தா. என்ன சொன்னவன் எண்டு கேட்டா. ஒண்டுமில்லை, லைன் வெட்டுப்பட்டுப் போச்சு எண்டு சொன்னன். அவ இந்த மலரைப் பாக்கேக்கைதான் உண்மையை அறிவா.

கோவம் எனக்குப் புதுசில்லை. நீ சைக்கிளைத் துலைச்ச அண்டைக்கும், சொல்லாமல் படிப்பை மாத்தின அண்டைக்கும் நான் குதிச்ச குதி பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். இது கோவம் இல்லை. எனக்கு உன்னில அருவருப்பு வந்தது. பெத்த பிள்ளையில அருவருப்பு வாறது எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு இதுவரைக்கும் தெரியாது. செங்கட்டித் தூளுக்கும் எலி நக்கின சீனிக்கும் வந்த ஓங்காளம் வயித்தில நிண்டது. இது நெஞ்சுக்குள்ள ஏறி நிக்குது, இறங்குதில்லை. சாப்பாட்டுக்கு முன்னால குந்தினால் உன்ர 'சுப்பர்' எண்ட சத்தம் கேக்குது.

உனக்கு இது விளங்காத விசயம் எண்டு நான் நம்ப மாட்டன். நீ சின்னப் பள்ளிக்கூடத்தில படிக்கேக்கை 'எங்கள் நாடுகள்' எண்டு ஒரு கிழமை வைச்சவை. ரீச்சர் ஆசையாக் கேட்டவ எண்டு கொம்மா உனக்குக் குட்டி வேட்டி கட்டி, தலையை வழிச்சு இழுத்து அனுப்பினவ. பின்னேரம் நீ வந்து வேட்டியை உருவிக் கட்டிலுக்குக் கீழ எறிஞ்சுபோட்டுக் குப்புறப் படுத்தாய். ஆரும் அடிச்சவையோ எண்டு கேட்டன், இல்லை எண்டனி. ஆரும் நக்கலடிச்சவையோ எண்டு கேட்டன், இல்லை, எல்லாரும் நல்லாத்தான் இருந்தவை எண்டனி. அப்ப என்ன எண்டு கேக்க, 'என்னைக் கதிரைக்கு மேல ஏத்தி விட்டவை. எல்லாரும் பாத்தவை. சுத்திக் காட்டச் சொன்னவை' எண்டு சொல்லிப்போட்டு அழுதாய். அடுத்த நாள் நான் உடைஞ்ச ஜேர்மனில அந்த ரீச்சரிட்டைப் போய்ச் சொன்னன். அந்த மனிசி நல்ல மனிசி, தான் அப்பிடி யோசிக்கேல்லை எண்டு சொல்லி, எனக்கு முன்னாலயே உன்னட்டை மன்னிப்புக் கேட்டவ. அவவுக்குச் சொன்ன உடன விளங்கினது. அந்த வேட்டிக்குப் பிறகு நீ கலியாண வீட்டுக்குக்கூட வேட்டி கட்டினதில்லை. கட்டு எண்டு நானும் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்ப எனக்குக் கட்டச் சொல்லிக் கேக்கிறாய்.

புத்தி சொல்லுறது தகப்பன்மாருக்குப் பிடிச்ச வேலை. நீ கேக்க மாட்டாய் எண்டு தெரிஞ்சும் சொல்லுறன். சாமானை வில், மோனை. நல்ல தேயிலை, நல்ல கறுவா, நல்ல மிளகு, எவ்வளவு வடிவான பெட்டியில போட்டும் வில். உனக்கு அதுக்கு மூளை இருக்குது, என்னைவிடக் கூட இருக்குது, அதை நான் மனசாரச் சொல்லுறன். நிறத்தைப் பார், மணத்தைப் பார் எண்டு சொல்லி வில். பஸ் கொண்டக்டரின்ர பேரன், ஏசியா ஷொப்காரன்ர மோன் எண்டு சொல்லியும் வில், அதில ஒரு வெக்கமும் இல்லை, அது உண்மை. ஒருத்தற்ற வாயில இருந்து வந்த வேதனையை எடுத்து விக்காதை. அந்த மனிசனுக்கு நினைவு வைக்கவேணும் எண்டு உனக்கு உண்மையாவே மனம் இருந்தால், எங்கட வேதக் கோயிலில ஒரு பூசை ஒப்புக்குடு, பங்குச் சாமியாரிட்டை நான் சொல்லுறன், பெயர் தெரியாட்டியும் செய்வார். கமராக்காரரைக் கூப்பிடாமல் செய். அதைச் செய்ய உன்னால ஏலாது எண்டால், நினைவுகூரல் எண்ட சொல்லை என்னட்டைச் சொல்லாதை.

நேற்றுக் கொம்மாவுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறாய். யன்னலுக்குள்ள தேயிலைப் பெட்டி, மேல மஞ்சள் விளக்கு, பின்னால அந்தப் பலகை. 'அப்பாவின்ர சீட் ரெடி' எண்டு எழுதியிருக்கிறாய். அந்தப் பலகையைக் கழட்டு. பெயரை மாத்து. அச்சடிச்ச பெட்டியளைக் கிழி. சனிக்கிழமைக்கு முதல் ஏலாது எண்டு சொல்லாதை, திறப்புவிழாவைப் பிந்திவை. கழட்டினாய் எண்டால் நானும் கொம்மாவும் வந்து, பின்பக்கத்தில நிண்டு கோப்பை கழுவித் தாறம், பெட்டி உடைச்சுத் தாறம், முழங்கால் நோகும் வரைக்கும் நிப்பன். கழட்டாட்டி அந்தக் கடைப் படியை நான் மிதிக்க மாட்டன். என்னை விட்டிட்டு வேற ஆரும் தமிழ் ஆளைப் பிடிச்சு அதில இருத்தினாலும் அது எனக்குச் செய்த மாதிரித்தான். நீ வீட்டை வரலாம், சாப்பிடலாம், கொம்மா எப்பவும் போலச் சோறு போடுவா. நான் உன்னோட ஒரு மேசையில குந்த மாட்டன்.

அந்த வியாபாரியை நினைச்சால் எனக்கு இப்பவும் காறித் துப்பத்தான் வருகுது. ஆனாலும் அந்த ஆளுக்குச் சொல்ல ஒரு சாட்டு இருக்குது. அவருக்குத் தமிழ் தெரியாது. யன்னலுக்குள்ள இருந்த மனிசன் என்ன கேட்டவர் எண்டு அந்தத் தெருவில நிண்ட ஒரு சனத்துக்கும் விளங்கேல்லை. உனக்கு நான் சொன்ன உடன விளங்கினது. விளங்கினாப் பிறகுதான் நீ சுப்பர் எண்டு சொன்னனி.

அப்பா